தோளில் வைக்காத கை

வியாழக்கிழமை மாலை செய்தி வந்தபோது நம் தெரு சபாபதி மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தது. நாகப்பாவின் சலூன் வாசலில் வழக்கமான கூட்டம். நான் எதிரில் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். நம் பந்தாட்ட அணியின் செக்ரட்டரி தேசிங்கு சார் பெஞ்சில் ஏறி நின்று, கண்டக்டரான மாமா பஸ்ஸில் கூவுவது போலவே குரலை இழுத்து, "சந்தாபுரா, ஆனேக்கல்… பிரியாணி துன்னவன்லாம் ஏறு" என்று நடித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். குழாயடியில் இருந்த பெண்களும் சிரித்தார்கள்.

அப்போது மாமாவின் பஸ்ஸை ஓட்டுகிற முனியப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஹேண்டில் பாரில் மாமாவின் தோல் பை தொங்கியது. அவர் யாரையும் பார்க்கவில்லை. பையை எடுத்து, சவரம் செய்கிற நாற்காலியில், ஒரு ஆளை உட்கார வைப்பது போல வைத்தார். நாகப்பா கத்தியைத் துடைத்துக்கொண்டே, "அவரு எல்லி, எங்க?" என்று கேட்டார்.

"ஏணி மேல இருந்தாரு. யாரோ ரைட் குடுத்துட்டாங்க" என்றார் முனியப்பா.

என் குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. பின்னால் நின்றவர்கள்கூட என்னைத் திட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை மைதானத்தில் மாமாவுக்கு அஞ்சலிக் கூட்டம். தேசிங்கு சார் எங்கள் வீட்டுக்கு வந்து, "பாப்பா, நீதான் நல்லா எழுதுவியே. மாமாவைப் பத்தி நாலு வார்த்தை எழுதிக் குடு, நான் படிக்கிறேன்" என்றார். ஒரு பக்கம் எழுதி அப்பாவிடம் காட்டிவிட்டேன். நன்றாக இருக்கிறது என்றார். இது அந்தப் பக்கம் இல்லை. இதை வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, விளக்குத் திரியைச் சிறிதாக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூட்டத்தில் அதற்குப் பதிலாக இதைத்தான் கொடுப்பேன். தேசிங்கு சார், பாதியில் நிறுத்திவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்த வருஷத்து 'முதல் கை'யை மாமா ஏன் வேறு பையனுக்கு மாற்றினார் என்றுதானே எல்லோரும் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

ஆனேக்கல் பக்கத்திலிருந்து மாமாவின் பஸ் ஆட்களும் கூட்டத்துக்கு வருவார்கள். அவர்களுக்காக நம் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏரியைச் சுற்றி இருக்கிற தெருக்களுக்குத் தனித்தனி அணிகள் உண்டு. போட்டி தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிய பையன்கள் எல்லோரும் மைதானத்தில் வரிசையாக நிற்பார்கள். போன வருஷம் கடைசியில் வந்த அணிதான் முதலில் ஆளை எடுக்கலாம். அதற்குத்தான் முதல் கை என்று பேர். அணியின் சார்பில் ஒருவர் வரிசைக்குப் பின்னால் நடந்து போவார். பேச மாட்டார். பிடித்த பையனின் தோளில் பின்னாலிருந்து கை வைப்பார். அவன் அந்த வருஷம் அந்த அணிக்கு. முதல் ஆட்டத்துக்கு அவன் இறங்கும்போது, கை வைத்தவரே அவனுடைய வெறுங்காலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் விழுகிற வரைக்கும் கை செல்லாது. முதல் கை வாங்கின பையனின் ஆட்டத்தைப் பார்க்கத் தொழிற்சாலைக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பிடித்தால் வேலை கிடைக்கும். அதனால் எங்கள் தெருவில் கல்யாணத்துக்குப் பேசுகிற அளவு முதல் கைக்கும் பேசுவார்கள்.

நம் நீலச்சட்டை அணி போன வருஷம் எல்லோருக்கும் கடைசி. அதனால் இந்த வருஷத்து முதல் கை நமக்கு. கை வைப்பவர் எப்போதும்போல் சபாபதி மாமா. அவர் கையில் ராசி இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

மாமாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மைதானத்தில் நம் ஆள் பந்தோடு ஓடினால் கரையில் நின்று, "ரைட், ரைட், போலாம்!" என்று கத்துவார். யாராவது தப்பான பக்கம் ஓடினால், பஸ்ஸை நிறுத்தச் சொல்வது போல "ஹோல்டான்!" என்பார். ஒரு தடவை எதிர் அணிப் பையன் அந்தச் சத்தத்துக்குப் பந்தை விட்டுவிட்டு நின்றேவிட்டான். நடுவர் மாமாவைக் கரையை விட்டு இறங்கிப் போகச் சொன்னார். மாமா புளியமரத்தில் ஏறிக்கொண்டு அங்கிருந்து கத்தினார்.

இந்த வருஷம் தொடக்கத்தில் அவர் கட்சி என்ன என்று உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் செல்வம் அண்ணன்தான் வேண்டும் என்று முதலில் சொன்னதே அவர்தான். நாகப்பாவும் இன்னும் சிலரும் அடுகோடியில் அமீர் என்று ஒரு பையன் கோலுக்கு நன்றாக நிற்கிறான், அவனை எடுக்கலாம் என்றார்கள். போன வருஷம் வலை கிழிந்தது போதாதா என்று நாகப்பா கேட்டார்.

"வலையைத் தைக்க ஊசி வாங்கிக்கலாம் நாகப்பா. கோல் போடறதுக்கு ஆளை எங்க வாங்குவ? செல்வம் ஓடினா அவன் நெழலே புடிக்க முடியாம திரும்பி வந்துடுது" என்றார் மாமா.

இதைக் கேட்டுவிட்டு வந்து அப்பா வீட்டில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். அப்பா பங்களாவில் தோட்ட வேலை செய்கிறார். தொழிற்சாலை கேட்டைத் தாண்டித்தான் தினமும் போக வேண்டும். "எம்புள்ள அந்த கேட்டுக்குள்ள போவான், நான் வெளிய நின்னு பார்ப்பேன்" என்று அன்றைக்கு அம்மாவிடம் சொன்னார். அம்மா நீலச்சட்டைக்குத் துணி பார்க்கவே ஆரம்பித்துவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு சாயங்காலம், செல்வம் அண்ணனைக் கூப்பிட்டு வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். அண்ணன் ஏரிக்கரை மேல் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். மாமா அன்று லீவு. கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் எங்களை நோக்கித்தான் வந்தான். பாதியில் நடந்தான். பிறகு உட்கார்ந்தான். வேண்டுமென்றே விளையாடுகிறான் என்று நினைத்தேன். அப்படியே சாய்ந்துவிட்டான். கிட்டே போனால் அவன் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. சட்டைக்கு மேலேயே நெஞ்சு அடிப்பது தெரிந்தது. அது சீராக அடிக்கவில்லை. துணிக்குள் பிடித்து வைத்த குருவி மாதிரி அடித்தது. மாமா அவனைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு ரோடு வரை ஓடி, ஒரு ஜட்காவை நிறுத்தினார். நானும் ஏறிக்கொண்டேன்.

சின்ன வயதில் அண்ணனுக்கு முட்டி வீங்கிக் காய்ச்சல் வந்தது. சரியாகிவிட்டது என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அந்தக் காய்ச்சல் இருதயத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்றார். நடக்கலாம், வேலை செய்யலாம், ஓடக் கூடாது. ஓடினால் ஒரு நாள் ஓட்டத்திலேயே நின்றுவிடும் என்றார். அவர் கோபப்பட்டுச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வம் அண்ணன் மாமாவின் காலைப் பிடித்தான். அப்பாவிடம் சொல்லக் கூடாது, அணியில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அழுதான். ஒரே ஒரு போட்டி, வேலை கிடைத்ததும் பந்தைத் தொட மாட்டேன் என்றான். மாமா அவனைத் தூக்கி நிறுத்தினார். அவர் மெதுவாகப் பேசிக் கேட்டது எனக்கு அந்த ஒரு தடவைதான்.

"சொல்ல மாட்டேன்டா. உன் விஷயம், நீதான் உங்கப்பாகிட்ட சொல்லணும். ஆனா படியில ஒருத்தன் தொங்கினிருக்கும்போது நான் என்னிக்காச்சும் ரைட் குடுத்திருக்கேனா? எங்கையி உந்தோள்ல விழாது."

அண்ணன் அவர் கையை உதறிவிட்டான். வீட்டுக்கு வருகிற வழியில் என் மணிக்கட்டைப் பிடித்து, "வாயத் தொறக்க மாட்டேன்னு அம்மா தலைமேல சத்தியம் பண்ணு" என்றான். அம்மா அங்கே இல்லை. காற்றில் கையை வைத்துப் பண்ணினேன். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. இப்படி நினைத்துக்கொண்டால் சத்தியம் ஏமாந்துவிடுமா என்று தெரியவில்லை. எழுத ஆரம்பித்ததிலிருந்து உள்ளே அம்மா இருமுகிறாள். ஒவ்வொரு இருமலுக்கும் பேனா நின்று நின்று போகிறது.

அதற்குப் பிறகுதான் சலூனில் மாமா பேச்சை மாற்றினார். நாகப்பா சொல்வதுதான் சரி, கோலுக்குத்தான் ஆள் வேண்டும் என்றார். அவர் கட்சியில் இருந்தவர்களுக்குத் தலை சுற்றியது. நேற்று வரைக்கும் செல்வம் செல்வம் என்று கத்தியது நீதானே என்று மடக்கினார்கள். "நேத்து வேற பஸ்ஸு, இன்னிக்கு வேற பஸ்ஸு" என்று சிரித்துவிட்டு எழுந்து போனார். அமீரின் ஆட்டத்தைப் பார்க்க அடுகோடிக்குப் போனார். அவனுடைய அம்மா சாப்பிடாமல் அனுப்பவில்லை. அந்தப் பிரியாணியைப் பற்றி மாமாவே வந்து வாயூறச் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு தட்டுக்குத் தெருவையே விற்றுவிட்டான் என்று அன்றிலிருந்து பேச்சு வந்தது.

கை வைக்கிற அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கரையில் பெண்களோடு நின்றிருந்தேன். பையன்கள் ஏரியைப் பார்த்து நின்றார்கள். மாமா அவர்களுக்குப் பின்னால் நடந்து வந்தார். செல்வம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். மாமா அவன் பின்னால் நின்றார். கையைத் தூக்கினார். அப்பா என் பக்கத்து மேட்டில் நின்று, துண்டை வாயில் கடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கை அண்ணனின் தோளுக்கு மேல் நின்றது, நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை. மாமா நகர்ந்து போய்க் கடைசியில் நின்ற அமீரின் தோளில் கை வைத்தார். வேறு அணிகளும் செல்வம் அண்ணனைத் தொடவில்லை. சபாபதியே வேண்டாம் என்று விட்ட பையனிடம் ஏதோ இருக்கிறது என்று பயந்தார்கள்.

அன்றைக்கு இரண்டு கல் பறந்தது. ஒன்று மாமாவின் முதுகில் பட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அவர் சைக்கிளில் யாரோ செருப்பு மாலை கட்டியிருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் பார்த்தேன். மாமா வெளியே வந்தார். கூட்டம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. அவர் ஒவ்வொன்றாகக் கழற்றினார். "எல்லாம் ஒத்தைக் காலா இருக்குதேப்பா. ஜோடியா கட்டியிருந்தா வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிருப்பேன்" என்றார். சிலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டம் கலைந்தது. நான் மட்டும் நகரவில்லை. அந்த மாலையில் ஒரு செருப்பு செல்வம் அண்ணனுடையது. வார் அறுந்து அப்பா ஆணி அடித்துக் கொடுத்தது. மாமா என் முகத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். பழைய பேப்பரில் சுற்றி என் புத்தகப் பைக்குள் வைத்தார்.

"வூட்ல வெச்சுடு. யாருதுன்னு எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லாத. வெறுங்காலோட நடந்தா கல்லு குத்தும்" என்றார்.

இதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. இப்போது இங்கே தெரிந்துகொள்வான்.

அதற்குப் பிறகு மாமா சலூனுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் ஏரிக்கரைக்கு வருவார். அண்ணன் ஓடுகிறானா என்று தூரத்தில் நின்று பார்ப்பார். அவரைப் பார்த்தால் அண்ணன் திரும்பிப் போய்விடுவான். சில நாள் அவர் வேலைக்குப் போகிற நேரம் பார்த்து ஓடுவான்.

முனியப்பா பிறகு சொன்னதைக் கேட்டேன். ஆனேக்கலுக்கு இந்தப் பக்கம் ஒரு நிறுத்தத்தில் மாமா பின்பக்க ஏணியில் நின்று மேலே இருந்த கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ அவசரக்காரர், மாமா குரலைப் போலவே "ரைட்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ, நேரமாகிறது என்று சொன்னாரோ தெரியாது. பஸ் நகர்ந்தது. முனியப்பா சலூன் வாசலில் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். "இத்தினி வருஷம் கேட்ட குரலு. அவருது இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

மாமாவை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்தவர்கள் குளித்த ஈரம் காய்வதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது. கை வைத்தவர் போய்விட்டார், தண்ணீர் விழவில்லை, அதனால் கை செல்லாது என்றார்கள். நம் வழக்கப்படி அது சரிதான். ஆனால் சிலர் அதோடு நிற்கவில்லை. நம் தெருப் பையனின் தோளைத் தாண்டின கை, அதனால்தான் இப்படி ஆயிற்று என்றார்கள். கடவுளே தப்பைத் திருத்திக் கொடுத்திருக்கிறார் என்றார்கள். அமீரிடம் இனி ஏரிப் பக்கம் வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அஞ்சலிக் கூட்டம் முடிந்ததும் அதே மைதானத்தில் மறுபடியும் வரிசை. இந்த முறை கை வைக்கப் போவது தேசிங்கு சார். யார் தோளில் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அம்மா நீலச்சட்டையைத் தைத்து முடித்துக் கொடியில் போட்டிருக்கிறாள். அப்பா தொழிற்சாலை கேட்டில் நிற்கிற காவல்காரரிடம் எங்கள் பையன் வருவான் என்று சொல்லி வைத்துவிட்டார். செல்வம் அண்ணன் மறுபடியும் ஓடுகிறான். இப்போது அவனைத் தூரத்தில் நின்று பார்க்க ஆள் இல்லை. ஓடிவிட்டு வந்தால் நேரே வீட்டுக்குள் வருவதில்லை. பின்புறம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, மூச்சு அடங்குகிற வரை இருந்துவிட்டு, பிறகு சிரித்துக்கொண்டு உள்ளே வருவான். அவன் உட்காருகிற நேரம் நீண்டுகொண்டே போகிறது. அம்மா பசியோடு வந்திருக்கிறான் என்று தட்டு வைக்கிறாள். நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் அம்மா பார்க்காதபோது என் காலை மிதிக்கிறான்.

இப்போது அடுத்த அறையில் தூங்குகிறான். அவன் மூச்சு இங்கே கேட்கிறது. கொஞ்ச நேரம் கேட்காமல் போகும். அப்போது நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன். மறுபடியும் கேட்ட பிறகு எழுதுவேன். அதனால்தான் இதில் சில இடங்களில் மை திட்டாக விழுந்திருக்கிறது. மன்னிக்கவும்.

செல்வம் அண்ணா, நீ வரிசையில் நிற்கக் காத்துக்கொண்டு இதைக் கேட்பாய். என்னை அடிப்பாய் என்று தெரியும். அடி. அப்பா, நீங்கள் கூட்டத்தின் நடுவில் இருப்பீர்கள். தொழிற்சாலையில் ஓடாமல் செய்கிற வேலையும் இருக்கும். டாக்டர் சொன்னது பொய்யாக இருந்தால் நல்லது. நாளைக்கே ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்கள். ஆனால் கேட்ட பிறகு ஓடட்டும்.

மாமாவை அறிந்த எல்லோருக்கும் அவரிடமிருந்து ஏதோ ஒன்று மிச்சம் இருக்கும். அவர் மனைவிக்குப் பை இருக்கிறது. முனியப்பாவுக்கு அந்தக் குரல். தெருவுக்கு அவருடைய "ரைட்" போதும்; இனிமேலும் யாராவது மைதானத்தில் அவர் போல் கத்திச் சிரிக்க வைப்பார்கள். நான் இரண்டு வைத்துக்கொள்கிறேன். ஒன்று, தோளுக்கு மேல் வந்து, நடுங்கி, வைக்காமல் போன அந்தக் கை. அது வேண்டாம் என்று தள்ளின கை இல்லை. படியில் தொங்கினவனை உள்ளே இழுத்த கை. இன்னொன்று அவருடைய மற்ற வார்த்தை. எனக்கு அவர் போல் பெரிய குரல் இல்லை. அதனால் தேசிங்கு சார், நீங்கள்தான் உங்கள் குரலில் சொல்ல வேண்டும். நீங்கள் அவர் போலவே கூவுவதை நான் கேட்டிருக்கிறேன். என் அண்ணன் தோளில் கை வைப்பதற்கு முன்னால் அவனுக்கு எதிரே வந்து, உங்கள் கையை அவன் நெஞ்சில் வைத்துப் பாருங்கள். அது அடிப்பதைக் கொஞ்ச நேரம் கேளுங்கள். பிறகு இந்தக் கடைசி வார்த்தையை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மாமா சொல்வது போலவே சொல்லுங்கள்.

ஹோல்டான்.